யாளி என்ன தின்னும்?

கைப்பேசிக்கு ஒரு காணொளி வருகிறது. கோயில் தூணின் மீது காமிரா மெல்ல ஏறுகிறது, பின்னணியில் இடி முழங்குகிறது. கனத்த குரல் ஒன்று, யாளி கற்பனை இல்லை, தமிழகத்தில் வாழ்ந்து அழிந்த விலங்கு என்று அடித்துச் சொல்கிறது. பார்த்து முடித்ததும் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "முன்னோர் கண்ணால் பார்க்காததையா இத்தனை தூணில் செதுக்கினார்கள்?" என்பது ஒரு கட்சி. "எல்லாம் கட்டுக்கதை, பிள்ளைகளுக்கு இதைக் காட்டாதீர்கள்" என்பது மறு கட்சி.

இந்தச் சண்டையில் நசுங்கிப்போவது மூன்றாவது ஒன்று. புராண விலங்கு ஒன்று உண்மையிலேயே உயிரோடு இருந்திருந்தால் எப்படி நடந்திருக்கும், எதைத் தின்றிருக்கும், குட்டியை எப்படிக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்குப் போட்டு யோசித்து, புலியையும் யானையையும் பற்றிய ஆவணப்படம் போலவே அதைச் சொல்லும் கலை அது. அதற்கு விலங்கியல் வேண்டும், கதை சொல்லத் தெரிய வேண்டும், கொஞ்சம் கூட்டல் கழித்தலும் வேண்டும். நம்மூரில் இதை வரலாற்றுச் சான்று என்று நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு, வெறும் புளுகு என்று தள்ளுகிறவர்களும் உண்டு. அதன் உள்வேலை என்ன என்பதைப் புதியவர்களுக்கு விளக்கவே இந்தக் கட்டுரை.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதற்கான சரக்கு கண்ணெதிரே கிடக்கிறது. நகரத்தார் திருப்பணி செய்த கோயில்களின் கல்தூண்களிலும், பழைய வீடுகளின் தேக்கு நிலைகளிலும் பாதிச் சிங்கமும் பாதி வேறொன்றுமாக ஏதாவது ஒரு விலங்கு முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் யாளியையே எடுத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிபடும் தெய்வ உருவங்களை நான் இந்த ஆட்டத்துக்குள் இழுப்பதில்லை. பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு உடற்கூறு எழுதுவது என் வேலை அன்று. தூணில் காவல் நிற்கும் யாளி கோபித்துக்கொள்ளாது.

ஒரு பொய் மட்டும்

இந்தக் கலையின் சட்டம் மிகச் சிறியது. ஒரே ஒரு பொய் சொல்லலாம், மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். "யாளி என்றொரு விலங்கு இருந்தது" என்பது அந்த ஒரு பொய். அதற்குப் பிறகு புவியீர்ப்பு, பசி, தாகம், வெயில், நோய், இனப்பெருக்கம் எதிலும் சலுகை கிடையாது.

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் மேல் புதிதாக ஒரு மாடி எழுப்ப நினைத்துப் பாருங்கள். மாடி மட்டும் வந்து உட்கார்ந்துவிடாது. கீழ்ச்சுவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். படிக்கட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இதுவரை வளவு முற்றத்தில் இறங்கிய மழைத்தண்ணீர் இனி எந்த வழியாக இறங்கும் என்று யோசிக்க வேண்டும். உடலும் அப்படிப்பட்ட வீடுதான். தும்பிக்கை ஒன்றைச் சேர்த்தால் கழுத்து மாறும், கழுத்து மாறினால் முன்னங்கால் மாறும், கால் மாறினால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் இரையும் மாறும். ஓவியன் ஒட்டவைத்துவிட்டுப் போய்விடலாம். ஆவணப்படம் எடுப்பவர் ஒவ்வொரு ஒட்டுக்கும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும்.

இப்படி, தெரிந்த உயிரியல் விதிகளை இல்லாத உயிரினத்துக்குப் பொருத்திப் பார்க்கும் வேலைக்கு ஊக உயிரியல் என்று பெயர். இதற்கு மேல் பெரிய கலைச்சொல் எதுவும் இந்தக் கட்டுரையைப் பின்தொடரத் தேவைப்படாது. இடையில் வரும் இரண்டொன்றை அங்கங்கே விளக்கிவிடுகிறேன்.

சிலையில் எது விலங்கு, எது சிற்பி?

முதல் வேலை கள ஆய்வு. தூணின் அருகே போய் நிதானமாகப் பாருங்கள். யாளி பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னங்கால்கள் காற்றில் தூக்கியிருக்கின்றன. காலடியில் ஒரு சிறிய யானை. கண்கள் கோலிக்குண்டுபோல் வெளியே பிதுங்கியிருக்கின்றன. சில யாளிகளுக்குச் சிங்க முகம், சிலவற்றுக்கு நீண்ட தும்பிக்கை, சிலவற்றுக்குக் குதிரை முகம். வாய் திறந்திருக்கிறது. சில கோயில்களில் அந்த வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

இவற்றையெல்லாம் அப்படியே விலங்கின் குணங்களாக எழுதிக்கொண்டால் படம் முதல் காட்சியிலேயே கெட்டுவிடும். யாளி ஏன் நிமிர்ந்து நிற்கிறது? தூண் நிமிர்ந்து நிற்பதால். நாலு காலில் நிற்கும் விலங்கு உயரமான ஒடுங்கிய கல்லுக்குள் அடங்காது. பாய்வதுபோல் எழுந்து நின்றால் அடங்கும், மேலே உத்தரத்தைத் தாங்குவதுபோலவும் தெரியும். அந்த நிமிர்வு கட்டடக் கலையின் தேவை, யாளியின் பழக்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாய்க்குள் உருளும் உருண்டையும் அப்படித்தான். ஒரே கல்லில் குடைந்து, பல்வரிசைக்குப் பின்னால் உருண்டையைத் தனியே பிரித்தெடுத்த கல்தச்சரின் கைத்திறமை அது. விலங்குக்கு அதில் பங்கில்லை. மேலே வீரன் அமர்ந்திருந்தால் அவனையும் இறக்கிவிடுங்கள்.

சிற்பியின் பங்கைக் கழித்த பிறகு மீதி நிற்பவை நான்கு: பெரிய கண், பூனைக் குடும்பத்தை ஒத்த உடல், கோரைப்பல், ஆணின் நீண்ட மூக்கு. ஆணுக்கு மட்டும் என்று நான் ஏன் முடிவு செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். யானையை மிதிப்பதையும் தற்காலிகமாக ஓரத்தில் வையுங்கள், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பெருத்தால் என்ன ஆகும்?

சிலையில் காலடி யானையோடு ஒப்பிட்டால் யாளி மலைபோல் இருக்கிறது. சிங்கத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஐந்து மடங்கு பெருக்கியதுபோல் என்று வைத்துக்கொள்வோம். சிங்கத்தின் எடை 180 கிலோ. ஐந்து மடங்கு பெரிய சிங்கத்தின் எடை எவ்வளவு? 900 கிலோ என்று சொல்லத் தோன்றும். மூன்று திசையிலும் பெருக்கியதால் 5 × 5 × 5, அதாவது 125 மடங்கு. எடை 22,500 கிலோ. இன்றைய பெரிய ஆப்பிரிக்க ஆண் யானை 6 டன்தான் இருக்கும். ஏறக்குறைய நாலு யானை எடை.

எடையைத் தாங்கும் எலும்போ 125 மடங்கு வலுப்பெறுவதில்லை. எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு இரண்டு திசையில்தான் பெருகும், 5 × 5, அதாவது 25 மடங்கு. 25 மடங்கு கால்கள் 125 மடங்கு எடையைச் சுமக்கின்றன. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்பைவிட ஐந்து மடங்கு பாரம் தாங்க வேண்டும். பாய வேண்டாம், எழுந்து நின்றாலே போதும், கால் முறியும். மேல்மாடி ஏறிவிட்டது, கீழ்ச்சுவர் பழையதாகவே இருக்கிறது.

இதைக் கனசதுர விதி என்பார்கள். 1638இல் வெளியான நூலில் கலிலியோ இதை விளக்கியிருக்கிறார். பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பைப் பெரிதாக்கியதுபோல் இருக்காது, விகிதத்துக்கு மீறித் தடித்திருக்கும் என்று படம் போட்டே காட்டினார். யானையின் கால்கள் தூண்போல் நேராக இறங்குவதும், மான் கால் குச்சிபோல் இருப்பதும் இதனால்தான். ஆகவே மலையளவு யாளி வேண்டும் என்றால் அதற்கு யானைக் கால் வேண்டும். யானைக் கால் வந்தால் பூனைப் பாய்ச்சல் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். நான் பாய்ச்சலை வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கணக்கு

எல்லாக் கற்பனை விலங்கும் தோற்கும் இடம் வயிறு. படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நகம் எவ்வளவு நீளம் என்று. குழந்தைகள் கேட்பது அது என்ன தின்னும் என்று. குழந்தைகளின் கேள்விதான் சரியானது.

புல் வெயிலைத் தின்கிறது, மான் புல்லைத் தின்கிறது, புலி மானைத் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் கிடைத்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குப் போய்ச் சேரும், மீதி மூச்சிலும் ஓட்டத்திலும் உடல் சூட்டிலும் கரைந்துவிடும். பத்து விழுக்காட்டு விதி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், 1942இல் லிண்டமன் முன்வைத்தது. அதனால்தான் மேல்படியில் இருக்கும் விலங்கு எப்போதும் சொற்பமாக இருக்கிறது.

புலி ஆய்வாளர்கள் ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மான் அளவு இரை வேண்டும். இரைக்கூட்டம் தேயாமல் இருக்க வேண்டுமானால் பத்தில் ஒன்றுதான் ஆண்டில் அதற்குப் பலியாகலாம். ஆக, ஒரு புலிக்குப் பின்னால் 500 இரை விலங்குகள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

சிங்க அளவு யாளிக்கும் இதே கணக்கைப் போடுவோம். ஒற்றை யாளி இருந்தால் அது இனம் ஆகாது. ஒன்றோடொன்று கலந்து குட்டி போட ஒரு ஐம்பதாவது வேண்டும். 50 யாளிக்கு 25,000 இரை. செட்டிநாட்டுப் பரப்பு சுமார் 1,550 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 16 மான்கள் மேய வேண்டும். ஈர இலையுதிர் காட்டில் அது பெரிய எண் இல்லை. நம் செம்மண் பொட்டலில், வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பிய புல்லில், ஊரும் வயலும் கண்மாயும் போக எஞ்சிய இடத்தில், அது மூச்சு முட்டும் எண். 22,500 கிலோ யாளிக்கு என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள். பெரிய உடல் கிலோவுக்குக் குறைவாகவே செலவழிக்கும் என்பதால் உணவு 125 மடங்கு ஆகாது, ஏறக்குறைய 37 மடங்கு ஆகும். நாளொன்றுக்கு ஐந்து மான். ஒரே மாதத்தில் செட்டிநாட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

ஆகவே என் யாளி சிங்கத்தைவிடவும் சிறியது. 80 கிலோ. தோள் உயரம் ஒரு கன்றுக்குட்டி அளவு. முயல், மயில், காட்டுப்பன்றிக் குட்டி, எப்போதாவது மான், அகப்பட்டால் செத்த மாடு. கேட்பவர்களுக்கு இங்கே முகம் வாடும். எனக்கோ இங்கேதான் விலங்கு உயிர் பெறுகிறது.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். சிற்பியின் தேவைகளைக் கழித்தோம். பெரிய உடல் வேண்டாம் என்று எலும்பு சொன்னது, அதையே வயிறும் சொன்னது. மீதி இருப்பது 80 கிலோ எடையுள்ள, பெரிய கண்ணும் நீண்ட மூக்கும் கொண்ட ஊனுண்ணி.

தும்பிக்கை எதற்கு?

யானைக்குத் தும்பிக்கை ஏன் வந்தது என்று யோசித்தால் யாளிக்கு அது பொருந்தாது என்பது புரியும். யானையின் தலை கனம், கழுத்து குட்டை. வாய் தரையைத் தொடாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டு கையின் வேலையைச் செய்கின்றன. பூனை உடல் கொண்ட யாளிக்கு வாய் ஏற்கெனவே தரையை எட்டுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கடித்துக் கொல்லும் விலங்கின் வாய்க்கு முன்னால் தசைக்குழாய் ஒன்று தொங்கினால் கடி இரையில் விழாது, தன் மூக்கிலேயே விழும்.

இங்கே விட்டுவிடாமல் உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். யானை அல்லாத எந்த விலங்குக்கெல்லாம் தொங்கும் மூக்கு இருக்கிறது, அது அங்கே என்ன வேலை செய்கிறது?

மத்திய ஆசியப் புல்வெளியில் சைகா என்றொரு மறிமான் இருக்கிறது. வீங்கிக் கீழே தொங்கும் மூக்கு. கோடையில் மந்தை கிளப்பும் புழுதியை வடிகட்டவும், குளிரில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கவும் அது உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலில் யானை சீல் என்றொரு ஊனுண்ணி உண்டு. அதன் ஆணுக்கு மட்டும் மூக்கு தொங்கும். இனப்பெருக்கக் காலத்தில் கடற்கரையில் நின்று அந்த மூக்கை ஊதி முழக்கமிடும். முழக்கத்தைக் கேட்டே பல எதிரிகள் ஒதுங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ரத்தம் சிந்த வேண்டியதில்லை. தப்பிரும் குட்டையான தும்பிக்கை வைத்திருக்கிறது, அது யானைக்கு நெருங்கிய உறவும் இல்லை.

ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத விலங்குகள், ஒத்த தேவையால் ஒத்த உறுப்பைத் தனித்தனியே பெறுவதைக் குவி பரிணாமம் என்பார்கள். கற்பனை விலங்குக்காரருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. "யானைத் தும்பிக்கை சிங்கத்துக்கு எப்படி வந்தது?" என்று கேட்டால் விடை கிடைக்காது, இரண்டும் வேறு வேறு வம்சம். "சிங்கம் போன்ற விலங்குக்கு மூக்கு நீள என்ன காரணம் இருந்திருக்கும்?" என்று கேட்டால் கிடைக்கும். என் யாளியின் மூக்கு இப்படித்தான் உருவானது. செம்புழுதி பறக்கும் நிலத்தில் காற்றை வடிகட்டித்தரும் அளவுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சற்றே தடித்த மூக்கு. ஆணுக்கு மட்டும் அது இன்னும் நீண்டு, முழங்குவதற்கான கருவி. கடிக்கும்போது ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். ஆகவே தும்பிக்கை யாளியும் சிங்க முக யாளியும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும். தூண்களில் இரண்டு வகையும் ஏன் இருக்கின்றன என்பதற்குப் படத்துக்குள் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. குதிரை முகம் கொண்டதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

தந்தத்தையும் சரிசெய்ய வேண்டும். யானையின் தந்தம் வெட்டுப்பல் நீண்டது. ஊனுண்ணிக்கு நீள வேண்டியது கோரைப்பல். பன்றிக்கும் வால்ரசுக்கும் வெளியே தெரிவது கோரைப்பல்தான். கண்ணுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்கின் முகத்தில் பாதி கண். இரவில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தை அள்ள அவ்வளவு பெரிய கண் வேண்டும். யாளிக் கண்ணும் அதற்குத்தான் பிதுங்குகிறது. என் யாளி இரவாடி. பகலில் யாரும் பார்க்காததற்கும் அதுவே சாக்கு.

இறக்கை பற்றி இரண்டே வரி. முதுகெலும்புள்ள விலங்குக்கு நாலு கால் கணக்கு. பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை என்பது முன்னங்கால்தான். நாலு காலோடு இறக்கையும் வேண்டும் என்றால் ஆறு உறுப்பு, அதற்கு முன்மாதிரி கிடையாது. இறக்கை வைத்த யாளி கேட்கிறவர்கள் முன்னங்காலைக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

கண்மாய்க்கரையில் காமிரா

விலங்கு தயார். இனி சொல்லும் முறை. ஆவணப்படக் குரலுக்கு அவசரம் கிடையாது. நிகழ்காலத்தில் பேசும். வியப்புச் சொற்களைக் கொட்டாது. விலங்கை உடனே காட்டாது. அது இருப்பதை மற்ற விலங்குகளின் நடத்தையில் காட்டும். முக்கியமாக, தோல்வியைக் காட்டும். வேட்டையாடும் விலங்கின் முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்பவையே. ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெல்லும் யாளி சுவரொட்டியில் இருக்கலாம், படத்தில் இருக்கக் கூடாது.

மாதிரிக்குக் கொஞ்சம்:

"பங்குனி முடிகிறது. கண்மாயில் நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் சேறு வெடித்து ஓடுபோல் சுருண்டிருக்கிறது. நள்ளிரவு தாண்டி ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்தத் தொடங்குகிறது. கரையோரம் மேய்ந்த முயல்கள் காதை நிமிர்த்துகின்றன. காரணம் எதுவும் கண்ணில் படவில்லை.

விடிந்ததும் ஈரமண்ணில் தடம் தெரிகிறது. நாலு விரல், ஒரு திண்டு, நகக்குறி இல்லை. நாயின் தடத்தில் நகம் பதியும், நகத்தை உள்ளிழுத்து நடக்கும் விலங்கின் தடத்தில் பதியாது. தடங்களுக்கு நடுவே பிரம்பால் இழுத்ததுபோல் ஒரு கோடு ஓடுகிறது. மூக்கு நுனி உரசிய கோடு. வந்தது ஆண்.

அடுத்த இரவு அது பன்றிக்கூட்டத்தை நோக்கி இலந்தைப் புதருக்குள் படுத்திருக்கிறது. தாய்ப்பன்றி மூக்கை உயர்த்துகிறது. காற்று மாறிவிட்டது. கூட்டம் கலைகிறது. யாளி எழுந்து, உடல் சிலிர்த்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறது. மூன்று இரவாக அது எதையும் தின்னவில்லை."

இதில் யாளியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை என்பதைக் கவனியுங்கள். நகக்குறி வேறுபாடு உண்மை. ஆள்காட்டி இரவிலும் கத்தும், அதுவும் உண்மை. பார்ப்பவர் யாளிக்காக வந்து, தடம் படிக்கக் கற்றுக்கொண்டு போகிறார். உண்மைகளின் அடர்த்தி குறைந்தால் பொய் தனியே துருத்திக்கொண்டு தெரியும். பழங்காலத்தில் நடப்பதாகச் சொன்ன படத்தில் பின்னணியில் சீமைக்கருவேலம் வளர்ந்து நின்றால் அத்தோடு முடிந்தது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் கொண்டுவரப்பட்ட மரம். உடையும் கருவேலமும் பனையும் நிற்கட்டும்.

ஓரத்தில் வைத்த யானைக்கு வருவோம். பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பாடும்போது, தாய்ப்பால் மறவாத ஆளிக்குட்டி, அதாவது யாளிக்குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதுபோல் என்று ஓர் உவமை வருகிறது. 80 கிலோ விலங்கு யானையைக் கொல்லாது. ஆனால் இறந்துகிடக்கும் யானையைத் தின்னும். காட்டுப்பாதையில் போன ஒருவன் விடியலில், செத்த யானையின் மேல் நின்று நிமிர்ந்து பார்க்கும் ஒரு விலங்கைக் காண்கிறான். ஊருக்குப் போய் என்ன சொல்வான்? காலடியில் யானை கிடந்தது என்பான். இது என் படத்துக்குள் நடப்பது, இலக்கிய ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்னத்துக்கு இடம் உண்டா?

யாளி பிடிக்காதவர்களுக்கு அன்னம். மதுரை – காரைக்குடி வழியில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்தது. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. மழைக்காலத்துக்குப் பின் அங்கே போய் அலகுகளை மட்டும் பாருங்கள். நத்தைகுத்தி நாரைக்கு அலகின் நடுவே இடைவெளி, நத்தையைப் பிடிக்க. அரிவாள் மூக்கனுக்கு வளைந்த அலகு, சேற்றைக் கிளற. கரண்டிவாயன் அலகைத் தண்ணீருக்குள் இடமும் வலமும் வீசி நடக்கும். ஒரே கண்மாய்தான், ஆளுக்கொரு வேலை. ஓர் உயிரினம் எங்கே, எதைத் தின்று, எப்படி வாழ்கிறது என்ற மொத்த ஏற்பாட்டுக்குச் செயல்வாழிடம் என்று பெயர். இரண்டு இனங்கள் ஒரே செயல்வாழிடத்தில் நெடுநாள் நிலைப்பது அரிது.

அன்னம் வந்தால் அதற்கு எந்த வேலை காலியாக இருக்கிறது? பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்ற பழைய வழக்கைப் பிடித்துக்கொள்ளலாம். பூநாரை தண்ணீரை வாய்க்குள் இழுத்து, அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணுயிரிகளை நிறுத்திவிட்டுத் தண்ணீரை வெளியே தள்ளும். வடிகட்டித் தின்னும் பறவை உண்டு என்பது ஆயிற்று. பால்? புறாவும் பூநாரையும் குஞ்சுக்குத் தொண்டைப்பையில் பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டுகின்றன. ஆக, கலங்கிய கண்மாய் நீரை வடிகட்டித் தின்று, பால் சுரந்து குஞ்சு வளர்க்கும் வெள்ளைப் பறவை. யாளிக்குப் பட்ட பாட்டில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை. முதல் முயற்சி செய்கிறவர்களுக்கு அன்னத்தையே சிபாரிசு செய்வேன்.

எங்கே ஏமாற்றாகிறது?

இனி, தொடக்கத்தில் சொன்ன காணொளி. அது இந்தக் கலையின் உடையை உடுத்திக்கொண்டு வேறு வேலை செய்கிறது. ஊக உயிரியல், "இருந்திருந்தால்" என்று தொடங்கும். அந்தக் காணொளி "இருந்தது" என்று தொடங்கும். அதற்கு எலும்பு வேண்டும். அரியலூர் மண், கடல் அப்பகுதியை மூடியிருந்த காலத்துச் சிப்பிகளைப் பல கோடி ஆண்டுகளாக வைத்திருக்கிறது, டைனோசர் எலும்புகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழையதையெல்லாம் காத்துவைத்த தமிழகத்து மண்ணில், கோயில் கட்டிய காலத்தில் திரிந்ததாகச் சொல்லப்படும் யாளிக்கு ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. பார்க்காததைச் செதுக்குவார்களா என்றால், செதுக்குவார்கள். சிற்ப மரபில் அளவும் இலக்கணமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். ஸ்தபதி கற்பது குருவிடம். காட்டில் அலைந்து திரிந்து மாதிரி தேட வேண்டியதில்லை. ஒரே விலங்கைப் பார்த்துச் செதுக்கியிருந்தால் இத்தனை வகை முகமும் இருக்காது.

எதிர்த் திசையிலும் தவறு நடந்திருக்கிறது. 1799இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தோலை இங்கிலாந்தின் இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா ஆராய்ந்தார். வாத்தின் அலகு, நீர்நாயின் உடல். யாரோ ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அந்த பிளாட்டிபஸ் உண்மையான விலங்கு. உருவம் விசித்திரமாக இருப்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. ஷாவிடம் தோல் இருந்தது, நம் காணொளிக்காரரிடம் தூண் மட்டுமே இருக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் 2012இல் கடல்கன்னியைப் பற்றி ஆவணப்படப் பாணியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. நடிகர்கள் விஞ்ஞானிகளாகப் பேசினார்கள். இறுதியில் ஓடிய எழுத்துகளுக்குள் மட்டும், இது கற்பனை என்ற சிறு குறிப்பு இருந்தது. மக்கள் கேட்ட கேள்விகளால், மனித உருவ நீர்வாழ் உயிரினம் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடைத்ததில்லை என்று அந்நாட்டின் கடல் ஆய்வுத் துறை அதே ஆண்டில் தன் இணையதளத்தில் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது கைப்பேசியிலேயே இப்படிப் படம் செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் யாளியின் மயிர் சிலிர்ப்பதுகூட அச்சாகத் தெரிகிறது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். "கற்பனை ஆவணப்படம்" என்ற எழுத்தைத் தொடக்கத்தில் மட்டும் போட்டால் போதாது, முடிவில் மட்டும் போட்டாலும் போதாது. முப்பது வினாடியாக வெட்டித்தான் உறவினர் குழுக்களுக்கு அது போய்ச் சேரும், வெட்டும்போது தலையும் வாலும் முதலில் போய்விடும். படம் முழுக்க ஒரு மூலையில், சிறிதாக, எடுக்க முடியாதபடி அது நிற்க வேண்டும். யாளியின் எடையையும் இரையையும் அதே மூலையில் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. 80 கிலோ என்று பார்த்ததும் சித்தப்பா கணக்கைப் பற்றிச் சண்டைக்கு வருவார், வரட்டும்.